உம் கொட்டாத பெட்டி

தொலைத்தொடர்பு வாரியத்தின் பதிவேட்டின்படி அந்தப் பெட்டி செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ‘உபயோகமற்றது, கழிக்கலாம்’ என்று முத்திரை குத்தி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, பழைய இரும்போடு இரும்பாக ஏலத்தில் போனதாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு வாரியத்தின் சோதனை அதிகாரி உலகம்மை நின்றிருந்தாள். எதிரே, நெடுந்துறை நிலையத்தின் உள்ளறையில், அதே வரிசை எண்ணோடு அதே பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஜோராக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

செத்தவர் பெயரில் பென்ஷன் வாங்குகிறவர்களை அவள் தன் இருபது வருட சர்வீஸில் பார்த்திருக்கிறாள். செத்த பிறகும் டியூட்டிக்கு வருகிற சாமானை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

“இதுக்குக் கடைசியா எப்போ அப்டேட் போட்டீங்க?”

“ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணுல. நான் போடல, எனக்கு முன்னால இருந்தவரு போட்டது” என்றாள் ரெக்ஸலின் மச்சாது. அந்த நிலையத்தின் ஒரே டெக்னீஷியன் அவள்தான். முப்பத்தெட்டு வயதிருக்கும்.

“இப்போ அம்பது.”

“ஆமா மேடம். பத்தொம்பது வருசமாச்சு.”

கூச்சமே இல்லாமல் சொன்னாள். அதுதான் உலகம்மைக்கு உறுத்தியது. தப்பு செய்கிறவர்களில் கேள்வி கேட்டதும் உளறுகிறவர்களால் தொல்லை இல்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ரெக்ஸலின் டீ சொல்லி, அது வந்தும் ஆகிவிட்டது.

நெடுந்துறை தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலடிக் கேபிள் கரையேறுகிற இடம். கேபிளின் மறுமுனை ஆயிரத்து நூறு கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடல் சுரங்க மேடையில் இருக்கிறது. கடலின் அடிமண்ணைத் தோண்டி உலோகம் எடுக்கிற அந்த மேடையில் நானூறு பேர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கரையைக் கண்ணால் பார்க்காமல் கிடக்கிறார்கள். அவர்கள் வீட்டோடு பேசுகிற ஒவ்வொரு பேச்சும் இந்த அறையைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். உலகம்மையின் கணவன் குற்றாலிங்கமும் அங்கேதான் இருக்கிறான், பம்பு மெக்கானிக்காக, பதினெட்டு மாதமாக. தினமும் சரியாக மூன்றரைக்குக் கூப்பிடுவான். அதை அவள் ரெக்ஸலினிடம் சொல்லவில்லை. சோதனைக்குப் போன இடத்தில் சொந்தக் கதை பேசினால் மரியாதை போய்விடும்.

அவளை இங்கே அனுப்பியது புகார். பேச்சுத் தொடர்பைப் பற்றி வாரியத்துக்குப் புகார் வருவது நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது. கரகரப்பு, இடைவெளி, பாதியில் அறுந்துபோவது என்று எதுவும் இப்போது யாருக்கும் கிடையாது. நெடுந்துறையிலிருந்து மட்டும் வருடத்துக்கு இருநூறு புகார். எல்லாம் மேடைக்காரர்கள் எழுதியது, எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: வீட்டில் பேச மாட்டேன் என்கிறார்கள். பெண்டாட்டி பேசாததற்கு வாரியம் என்ன செய்யும் என்று அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உலகம்மையும் சேர்ந்து சிரித்தாள்.

“வாரியம் அனுப்பின புதுப் பெட்டி எங்க?”

ரெக்ஸலின் பக்கத்து ஸ்டாண்டைக் காட்டினாள். புதுப் பெட்டியிலும் விளக்கு எரிந்தது. கடல் கேபிள்தான் அதில் செருகப்படவில்லை. வருகிற அப்டேட்டையெல்லாம் தவறாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், ‘நலம்’ என்று தினமும் வாரியத்துக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது.

“அப்போ இத்தன வருஷமா வாரியத்த ஏமாத்தியிருக்கீங்க.”

“வாரியம் பெட்டிகிட்ட நலமான்னு கேட்டுச்சு. நலம்னு அது சொல்லிச்சு. கேபிள் எதுல இருக்குன்னு என்கிட்ட யாரும் கேக்கலியே மேடம்.”

திமிர் என்று உலகம்மை மனதுக்குள் குறித்துக்கொண்டாள். ஆனால் அந்தத் திமிருக்குப் பின்னால் இருந்த உழைப்பைப் பார்த்தபோது சந்தேகம் இன்னும் கூடியது. உப்புக் காற்று ஒரு வருடத்தில் தின்றுவிடக்கூடிய பெட்டி அது. ரெக்ஸலின் வாரம் ஒரு முறை பெயிண்ட் பிரஷ்ஷால் அதன் உள்ளே பூத்த உப்பைத் தட்டி எடுக்கிறாள். காற்றாடிக்குத் தையல் மிஷின் எண்ணெய் விடுகிறாள். கழித்துப் போட்ட வேறு மூன்று பெட்டிகளைப் பிரித்து, அதிலிருந்து பிடுங்கிய உறுப்புகளை டிபன் டப்பாக்களில் வகை பிரித்து வைத்திருக்கிறாள். ஒரு தடவை அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமோ என்னவோ என்ற பயத்தில் அணைப்பதே இல்லை. மின்சாரம் போனால் தாங்குவதற்கு இரண்டு பேட்டரி. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். ஏதோ உள்விவகாரம் இருக்கிறது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களையும் அவள் கவனித்திருந்தாள். பத்துப் பதினைந்து பேர். இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இப்போது அதில் ஒருத்தி எழுந்து உள்ளே வந்தாள். சுவரில் மாட்டியிருந்த பழைய ரிசீவரை ரெக்ஸலின் எடுத்துக் கொடுக்க, காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நிமிடம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உலகம்மை மறித்தாள். “உங்க பேரு?”

“பிரகாசி.”

“போன்ல என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல மேடம். எங்க வீட்டுக்காரவ ராத்திரி ஷிப்டு பாத்துட்டு, லைனப் போட்டுட்டுத் தூங்குதாவ. மூச்சு கேட்டுச்சு. நெஞ்சுல சளி இருக்கு, குறுகுறுன்னு கேக்கு. ரெண்டு தடவ இருமுனாவ. மருந்து கேட்டு வாங்கச் சொல்லணும்.”

“இத உங்க வீட்டுப் போன்லயே கேக்க வேண்டியதுதானே? இவ்வளவு தூரம் எதுக்கு வரணும்?”

பிரகாசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “வீட்டுப் போன்ல இருமல் வராதே மேடம். எப்பவும் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதான் வரும்.”

அவள் போனதும் உலகம்மை கதவைச் சாத்தினாள். “இப்போ சொல்லுங்க. இங்க என்ன நடக்குது?”

ரெக்ஸலின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மேடம், ‘நிரப்பு’ எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியாமலா? பேச்சுல ஒரு துண்டு வழியில தொலைஞ்சா, அந்த ஆள் என்ன சொல்லியிருப்பார்னு கணிச்சு, அவர் குரல்லயே அந்த இடத்த நிரப்பும். அதனாலதான் புகாரே இல்ல.”

“மொதல்ல அர செகண்டு நிரப்பிச்சு. அப்புறம் அஞ்சு செகண்டு. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கொஞ்சம் கூடுச்சு. இப்போ எவ்வளவு நேரம்னாலும் நிரப்பும். தொலைஞ்சுபோச்சா, இல்ல ஆளு பேசவே இல்லியான்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. ரெண்டும் அதுக்கு வெறும் பள்ளந்தான்.”

“சரி. இந்தப் பெட்டி?”

“நிரப்புன துண்டுல ஒரு குறி இருக்கும். சட்டப்படி இருக்கணும். புதுப் பெட்டிங்க அந்தக் குறியப் பாத்துட்டுக் கண்டுக்காம உள்ள விட்டுரும். இது அந்தக் குறி வர்றதுக்கு முந்தின பெட்டி. அதுக்கு அது என்னன்னே தெரியாது. தெரியாததக் கீழ தள்ளிரும். எத்தன தள்ளுனோம்னு எண்ணியும் வச்சுக்கும். அதனால இதத் தாண்டி நெசமா வாயத் தொறந்து பேசுனது மட்டுந்தான் போவும். கடல்ல இருந்து வந்தத, கரையில இருக்க பெட்டிங்க மறுபடி நிரப்பிருது. அத என்னால தடுக்க முடியாது. நெசக் குரல் வேணும்னா இந்த ரிசீவர்லதான் கேக்கணும்.”

“இத நீங்க எதுக்குச் செய்யணும்? யார் சொல்லி?”

ரெக்ஸலின் டீ கிளாஸை நகர்த்தி வைத்தாள். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். “எங்க அண்ணன் அருளப்பன் அந்த மேடையிலதான் வெல்டரா இருந்தான். புதுப் பெட்டி மாட்டி ஒரு வருசம் இருக்கும். எங்கம்மாகிட்டப் பேசிட்டு இருக்கும்போதே மாரடைச்சு விழுந்துட்டான். லைன் அறுபடல. எங்கம்மா பன்னெண்டு நிமிசம் அவன்கிட்டப் பேசிச்சு மேடம். மீன் கொழம்பு எப்படி வச்சேன்னு சொல்லிச்சு. அவன் ஆசையாக் கேட்டான். சரிம்மா, வச்சிரட்டான்னு சொல்லிட்டு முறையா வச்சான். அந்தப் பன்னெண்டு நிமிசத்துல சத்தம் நின்னுபோச்சேன்னு எங்கம்மா கூப்பாடு போட்டிருந்தா, பக்கத்து ரூம்ல டாக்டர் இருந்தாரு. அதுக்கப்புறந்தான் ஏலத்துல போன இதத் தேடி வாங்கி மறுபடி மாட்டுனேன்.”

உலகம்மை காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தப்பட வைக்கிற கதை கையில் தயாராக இருப்பவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

“கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் பெட்டிய மாத்தித்தான் ஆகணும். மூணு மணிக்குப் புதுப் பெட்டின்னு மேடைக்கு நேத்தே நோட்டீஸ் அனுப்பியாச்சு.”

“மாத்துங்க. என்னால தடுக்க முடியுமா? மாத்துறதுக்கு முன்ன அது எண்ணி வச்சிருக்கத ஒரு தடவ பாத்துருங்க. அப்புறம் அழிஞ்சுரும்.”

இதைத்தான் உலகம்மை எதிர்பார்த்திருந்தாள், ஆனால் வேறு காரணத்துக்காக. பிரகாசி சொன்னது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. நேற்று குற்றாலிங்கம் அரை மணி நேரம் பேசினான். மேடைக்கடியில் ஓர் ஆமை வந்து மூன்று நாளாகப் போகாமல் சுற்றுகிறது என்றான். கேண்டீன்காரன் தோசையைக் கருக்கிவிட்டு அதற்கு ஒரு பெயர் வைத்துப் பரிமாறினான் என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதில் எவ்வளவு அவன் பேச்சு? பேசாமல் லைனை மட்டும் போட்டுவிட்டு அவன் அங்கே என்ன செய்கிறான்? யாரோடு இருக்கிறான்?

“மாதிரிக்கு ஏதாவது ஒரு நம்பர் பாப்போம்” என்று சொல்லி, சாதாரணமாக, தன்னுடைய எண்ணையே கொடுத்தாள்.

திரையில் நான்கு வரி வந்தது. ரெக்ஸலின் விரலை வைத்து வாசித்தாள். “போன மாசக் கணக்கு. லைன் திறந்திருந்தது தெனம் அர மணி நேரம். கடல்ல இருந்து வந்த பேச்சு, மாசம் முழுக்கச் சேர்த்து நாப்பது நிமிசம்.”

ஆமை இல்லை. தோசை இல்லை. அவள் சிரித்ததெல்லாம் கரையில் இருக்கிற ஏதோ பெட்டியின் பேச்சுக்கு. பாவி மனுஷன், தினமும் கூப்பிட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

“இந்த ஆள் பேசவே இல்ல, பாத்தீங்களா?” என்றாள். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

“இருங்க மேடம், இன்னும் ரெண்டு வரி இருக்கு. கரையில இருந்து கடலுக்குப் போனது, பதினெட்டு செகண்டு. கரையில இருந்து வந்து இது தெரியாதுன்னு கீழ தள்ளுனது, அறுநூறு நிமிசம்.” ரெக்ஸலின் உச்சுக் கொட்டினாள். “இந்தம்மா உம்கொட்டி வச்சிருக்கு.”

உம்கொட்டி என்பது ஊர் வைத்த பெயர். வாரியம் அதற்குத் ‘துணைக்குரல்’ என்று பெயரிட்டு, தன் ஊழியர்களுக்கு இலவசமாகவே கொடுத்திருக்கிறது. போனில் ஒருவர் கதை சொன்னால் கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொல்கிறவருக்கு லைன் இருக்கிறதா போய்விட்டதா என்று வந்துவிடும். கை வேலையாக இருக்கும்போது அந்த உம்மை நம் குரலில் அது போடும். உலகம்மை ஃபைல் பார்த்துக்கொண்டே கணவனோடு பேசுவதற்காக அதைப் போட்டுக்கொண்டாள். ஏமாற்றும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வாயை மட்டும் கடன் கொடுத்திருந்தாள்.

“அது உம் மட்டுந்தானே போடும்?”

“மொதல்ல உம் மட்டுந்தான் போட்டுச்சு. அப்புறம் ‘அப்படியா’ன்னுச்சு. இப்போ கேள்வி கேக்கு, சாப்டியளான்னு கேக்கு, கோச்சுக்கக்கூடச் செய்யுது. நெறையப் பேரு கவனிக்கிறதில்ல. ஆனா அது பேசுனதெல்லாம் குறி போட்ட பேச்சுதானே மேடம், இந்தப் பெட்டி தள்ளிரும். மேடையில நிரப்புற பெட்டியும் கெடையாது, அங்க அந்த மனுசனுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது.”

“யாரு முதல்ல நிறுத்தினது? அதப் பாக்க முடியுமா?”

ரெக்ஸலின் மாத வாரியாகத் திருப்பினாள். முதல் நான்கு மாதம் இரண்டு பக்கமும் நிறையப் பேசியிருந்தார்கள். ஐந்தாவது மாதம் கரையின் எண் சடாரென்று விழுந்தது. உலகம்மைக்குப் பதவி உயர்வு வந்த மாதம் அது. கடலின் எண் அப்போதும் குறையவில்லை. ஆறாவது மாதமும் அவன் பேசியிருக்கிறான், ஏழாவதும் பேசியிருக்கிறான். பதில் வராத ரிசீவருக்குள் மூன்று மாதம் தன்னந்தனியாகப் பேசியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியிருக்கிறான். அவன் அடங்க அடங்க, கரையிலிருந்த பெட்டிகள் அவளுக்கு ஆமையும் தோசையும் செய்து கொடுத்திருக்கின்றன.

ரெக்ஸலின் அவள் முகத்தைப் பார்த்தாள். “மேடம், இது உங்க நம்பரா?”

உலகம்மைக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. “எல்லாம் இந்தப் பெட்டியால வந்தது. புதுப் பெட்டியா இருந்திருந்தா அவருக்கு என் குரல் கேட்டிருக்கும். பதினாலு மாசம் அந்த மனுஷன வெறும் சத்தத்தக் கேக்க வச்சிருக்கீங்க.”

“வெறும் சத்தத்த நான் அனுப்பல மேடம்” என்றாள் ரெக்ஸலின், மெதுவாக. “ஒரு வார்த்த பேசியிருந்தா அது போயிருக்கும்.”

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மாற்றுச் சான்றிதழ் கையெழுத்துக்காக மேசைமேல் கிடந்தது. கடல் கேபிள் பழைய பெட்டியிலேயே இருந்தது. உலகம்மை, என்ன சொல்லப் போகிறோம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், அது முதலில். பிறகு நிறையப் பேச வேண்டும். பதினாலு மாதத்தை ஈடுகட்டுகிற அளவுக்குப் பேச வேண்டும்.

மூன்றரைக்கு அவள் எண்ணுக்கான விளக்கு எரிந்தது. ரெக்ஸலின் ரிசீவரை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் ஹலோகூட இல்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சட்டையைக் கும்முகிற சத்தம். லைனைப் போட்டுவிட்டுத் துணி துவைக்கிறான். பேசாத பெண்டாட்டிக்குத் தினமும் தவறாமல் கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் வேலையைப் பார்க்கிறான்.

“என்னங்க” என்றாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“என்னங்க, நான்தான் உலகு பேசுதேன். கேக்குதா?”

வெகுநேரம் கழித்து அவன் குரல் வந்தது. அவள் தினமும் கேட்ட குரலைவிடக் கம்மி, கிழடு தட்டிய குரல். “கேக்கு.”

“என்ன மன்னிச்சிருங்க. இத்தன நாளு நீங்க கூப்பிட்டது, நான்…” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உடம்பு எப்படி இருக்கு? குரல் ஏன் இப்படி ஆயிட்டு?”

அவன் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. “மூணு மணிக்கு மாத்திட்டாவளா? நோட்டீஸ் போட்டிருந்தாவ. பரவால்லியே, சொன்ன நேரத்துக்குச் செஞ்சிருக்காவ.”

“இல்லங்க! மாத்தல. பழைய பெட்டிதான். நான் நெடுந்துறைக்கே வந்திருக்கேன், அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலதான் நிக்கேன்.”

“அதையும் சொல்லச் சொல்லிக் குடுத்திருக்கானுவ” என்றான் அவன், வியப்பாக.

“ஏங்க, நான்தாங்க! வேணும்னா ஏதாவது கேளுங்க. நமக்கு மட்டும் தெரிஞ்சது எதையாவது கேளுங்க. கல்யாணத்தன்னிக்கு நீங்க மோதிரத்த சாம்பார் வாளிக்குள்ள விட்டது, எங்க சித்தப்பாகிட்டச் சொல்லாம நம்ம ரெண்டு பேரும் தேடுனது…”

“அத லைன்ல எத்தன தடவ பேசிச் சிரிச்சிருக்கோம். லைன்ல பேசுனது பெட்டிக்குத் தெரியாதா?” அவன் குரலில் கோபம் இல்லை. வாதம் செய்கிற எண்ணமும் இல்லை. “குரலு அச்சு அசல் அவதான். அழுகைகூட அப்படியே வருது. நல்லாத்தான் செஞ்சிருக்காவ. எங்க ரூம்காரன் பயந்துட்டே இருந்தான், நான்தான் கேட்டுப் பாப்பமேன்னேன். ஆனா அவ இவ்வளவு பேச மாட்டாம்மா.”

அம்மா என்றான். அவளை அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பஸ்ஸில், பேங்க்கில், முன்பின் தெரியாத பெண்பிள்ளைகளிடம் அவன் பேசுகிற மரியாதை அது.

உலகம்மை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சொல்லிப் பார்க்க இன்னும் என்ன இருக்கிறது என்று தேடினாள். எதைச் சொன்னாலும் அதுவும் அவனுக்கு நன்றாகச் செய்ததாகத்தான் படும். நிறையப் பேசினால் அவள் இல்லை. பேசாமல் இருந்தால்தான் அவள்.

“சரி, துணி ஊறிக் கெடக்கு. வச்சிருதேன்” என்றான் அவன். பிறகு கொஞ்சம் தயங்கினான். “ஒரு ஒத்தாச செய்யுங்கம்மா. கரையில நீங்க அவகிட்டயும் பேசுவிய இல்லியா? நான் இப்படியெல்லாம் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிராதிய. அவளுக்கு வேல ஜாஸ்தி. கேட்டா மனசு கஷ்டப்படுவா.”

“சொல்ல மாட்டேங்க” என்றாள் உலகம்மை.